பின்னால் உள்ள நான்கு பெட்டிகள்

அப்பாவிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்.

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும் ரயிலைப் பத்திப் பேசாம வாங்கப்பா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"ரயில்ல போறவன் ரயிலைப் பத்திப் பேசாம கப்பலைப் பத்தியா பேசுவான்?" என்றார், கண்ணாடி முன்னால் டையை இழுத்து முடிந்துகொண்டே. பிறகு சமையலறைக்குப் போய் காஸ் அடுப்பை நோக்கி வலது கையை நீட்டி, "காஸ், மூடியாச்சு!" என்று கத்தினார். அடுத்து, "ஜன்னல், சரி!" அடுத்து வாசற்கதவு. "பூட்டு, சரி!" பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. ரயில் கண்டக்டர் வேலையில் எதையும் இப்படிக் கை நீட்டி, உரக்கச் சொல்லித்தான் சரிபார்க்க வேண்டுமாம்; ஓய்வு பெற்று இவ்வளவு காலமாகியும் இந்தக் கூத்து நின்றபாடில்லை. பள்ளிக்கூட நாட்களில் இதற்குப் பயந்தே நான் தோழிகளை வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை.

அப்பா வேலை பார்த்தது மினாமோ எக்ஸ்பிரஸில். டோக்கியோவிலிருந்து இவாடோமாரி கடற்கரைக்குப் போகிற வண்டி. போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போக வேண்டியிருந்ததும் அதே வண்டிதான், என் தலையெழுத்து. எனக்கும் கோஹெய்க்கும் கல்யாணம் பேசியிருந்தது. கோஹெய்யின் அப்பா அம்மாவுக்கு என்னைப் பிடித்திருந்தது. ஆனால் நாகாசே குடும்பத்தில் யசுஜி பெரியப்பா தலையசைக்காமல் ஒரு துரும்பும் அசையாது. இவாடோமாரியில் படகு வைத்து மீன் பிடிப்பவர். யாருக்காகவும் காத்திருந்து பழக்கமில்லாதவர். அந்த வீட்டு இன்னொரு பெண்ணைப் பார்க்க வந்தவர்கள் விருந்துக்குத் தாமதமாக வந்தார்கள் என்று விருந்தை விட்டே எழுந்து போய்விட்டாராம். அந்தச் சம்பந்தம் அத்தோடு முறிந்தது. இப்போது எங்களை மதியச் சாப்பாட்டுக்கு அங்கே ஒரு விடுதிக்கு வரச் சொல்லியிருந்தார். அப்பாவை வாயை மூடவைத்து, நேரத்துக்குக் கொண்டுபோய், அவர் முன்னால் உட்கார வைத்துவிட்டால் கோஹெய் எனக்கு. இல்லையென்றால் இல்லை. அம்மா இருந்திருந்தால் அப்பாவை ஒரு பார்வையில் அடக்கியிருப்பாள். அவள் போன பிறகு அவரை அடக்க ஆளில்லை.

ஸ்டேஷனில் நாகாசே குடும்பம் எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தது. கோஹெய்யின் அப்பா நாகாசே மாமா கணக்கு வாத்தியார். அவர் பேசுவதே அவருக்குக் கேட்குமோ கேட்காதோ என்று சந்தேகமாக இருக்கும். அவர் மனைவி, என் வருங்கால அத்தை, இளம் பச்சை கிமோனோ கட்டியிருந்தார். எல்லோரும் குனிந்து வணங்கினோம். மறுபடி வணங்கினோம். வண்டி வந்து நின்றது. அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். திருவிழாவில் தொலைந்த பிள்ளை அம்மாவைக் கண்டுவிட்டது போல இருந்தது. அம்மா செத்ததற்குப் பிறகு அவர் இந்த வண்டியில் ஏறியதே இல்லை.

"மாமா, நமக்கு ரெண்டாம் பெட்டியில சீட் போட்டிருக்கேன்," என்றான் கோஹெய், போனைப் பார்த்தபடி.

"ரெண்டா?" அப்பா சிரித்தார். "மாப்ள, அது மலைக்குப் போற பெட்டி. கமிசாவாவுல வண்டி ரெண்டாப் பிரியும். முன்னாடி இருக்கிறது யுனோகுபோ வெந்நீர் ஊத்துக்குப் போயிரும். பின்னாடி இருக்கிற நாலுதான் கடலுக்கு. போன்ல என்ன போட்டிருந்தா என்ன? என் வாயால எத்தனை தடவ சொல்லியிருப்பேன் தெரியுமா? வாங்க சம்பந்தி, என்னை நம்பி வாங்க. ஏழாம் பெட்டி ரிசர்வ் இல்லாதது, தாராளமா உக்காரலாம்."

"ஓ, அப்படிங்களா," என்றார் நாகாசே மாமா.

கோஹெய் போனைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான், வாயைத் திறந்தான். நான் அவன் முழங்கையைப் பிடித்துக் கிள்ளினேன்.

"சும்மா வா," என்றேன் காதோடு. "அப்பாவுக்கு வேற எதுல வேணா தப்பு வரும். ரயில்ல வராது."

அது உண்மை. உண்மை என்று நான் நம்பினேன். கடைக்குப் போனால் சில்லறை மறப்பார், மழைக்குக் குடையை மறப்பார், அம்மாவின் பிறந்தநாளைக்கூட மறப்பார். ரயில் விஷயத்தில் அவர் தவறி நான் பார்த்ததில்லை. அவரைப் பற்றி நான் வெளியே பெருமையாகச் சொல்லிக்கொண்ட ஒரே விஷயமும் அதுதான். அதனால் நான் எதையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பெரியப்பாவுக்கு வாங்கிய இனிப்புப் பெட்டி நசுங்காமல் இருக்கிறதா, அப்பாவின் டை கோணாமல் இருக்கிறதா, அதுதான் என் கவலை.

ஏழாம் பெட்டியில் இருக்கையைத் திருப்பிப் போட்டு எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். அப்பா ஜன்னலோரம். வண்டி நகர்ந்ததும் கச்சேரி தொடங்கிவிட்டது. இந்தப் பாலம் அந்தக் காலத்தில் எப்படி ஆடும், இந்த வளைவில் எந்தக் கிழவர் எப்போதும் தேநீரைக் கொட்டுவார், புயலில் வண்டி நின்ற அன்று பயணிகளுக்கு எப்படி ரொட்டி பங்கிட்டார். நான் அவர் காலை மிதித்தேன். அவர் காலை நகர்த்திக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தார். அத்தை மட்டும் வாயைப் பொத்திச் சிரித்துச் சிரித்துக் கேட்டார்.

"அறிவிப்பெல்லாம் நீங்களே குடுப்பீங்களா?"

செத்தேன் போ என்று நினைத்துக்கொண்டேன். இந்தக் கேள்விக்காகத்தானே மனிதர் காலையிலிருந்து காத்துக்கிடந்தார்!

"பின்ன? இப்ப மாதிரி மெஷினா பேசும்? என் குரலைக் கேட்டா தூங்கற குழந்தை எந்திரிக்காது, ஆனா இறங்க வேண்டியவன் எந்திரிச்சிருவான்." தொண்டையைச் செருமினார். முதுகை நிமிர்த்தினார். சரியாக அந்த நேரம் மேலே மணி ஒலித்து, ஒரு பெண் குரல் பேச ஆரம்பித்தது; மெஷின் இல்லை, வண்டியின் கண்டக்டரே. கமிசாவா நெருங்குகிறது, இந்த வண்டி கமிசாவாவில் என்று அவள் தொடங்க, அப்பா நிறுத்தவில்லை. இன்னும் ஒரு படி குரலை ஏற்றினார்.

"மினாமோவில் பயணம் செய்யும் அனைவருக்கும் நன்றி. இந்த வண்டி கமிசாவாவில் இரண்டாகப் பிரிகிறது. முன்னால் உள்ள ஐந்து பெட்டிகள் யுனோகுபோ. பின்னால் உள்ள நான்கு பெட்டிகள் இவாடோமாரி. ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் வழி கிடையாது. தவறான பெட்டியில் அமர்ந்திருப்பவர்கள் கமிசாவாவில் இறங்கி மாறிக்கொள்ளவும்."

என்ன குரல்! இன்றைக்கும் அந்தக் குரல் பழுதில்லை. பெட்டியிலிருந்த சிலர் திரும்பிப் பார்த்தார்கள். மேலே பேசியவள் என்ன சொன்னாள் என்று ஒருவர் காதிலும் விழவில்லை. அத்தை கை தட்டினார். நாகாசே மாமாவும் ஓசை வராமல் தட்டினார். கோஹெய் என்னைப் பார்த்தான். நான் வெட்கத்தில் இனிப்புப் பெட்டியின் நாடாவை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தேன். இதற்கே வெட்கப்பட்டேன். பின்னால் வரப்போவது தெரிந்திருந்தால் அந்த வெட்கத்தைச் சேமித்து வைத்திருப்பேன்.

கமிசாவாவில் வண்டி நின்றது. கோஹெய் பாதி எழுந்தான். "மாமா, ஒரு தடவ வெளிய போய்..."

"உக்காருங்க மாப்ள, கொஞ்ச நேரம்தான் நிக்கும்," என்றார் அப்பா. கடகடவென்று எங்கேயோ இரும்பு கழன்றுகொள்ளும் சத்தம் கேட்டது. முன்பாதி கிளம்பிப் போயிற்று. பிறகு நாங்கள் கிளம்பினோம்.

ஸ்டேஷனைத் தாண்டியதும் வண்டி வலது பக்கம் வளைந்தது. அப்பா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவர், பாதியில் நிறுத்தினார். வாய் திறந்தபடியே இருந்தது. ஜன்னலுக்கு வெளியே மூங்கில் காடு வந்தது. அடுத்து ஒரு சுரங்கம். ஜன்னல் கறுத்து அவர் முகம் அதில் தெரிந்தது. முகத்தில் ஈயாடவில்லை. முப்பது வருஷம் அந்த மனிதரோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன், அவர் பேச்சைப் பாதியில் நிறுத்தி நான் பார்த்ததில்லை.

"கடல் எந்தப் பக்கம் தெரியும்?" அத்தை கேட்டார்.

"இடது பக்கம்," என்றார் அப்பா. "இப்ப வந்துரும்."

அவருக்குத் தெரிந்துவிட்டது. அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்துவிட்டது. இப்போதாவது சொல்லிவிடுங்கள் அப்பா, நான் சறுக்கிவிட்டேன் என்று சிரித்துக்கொண்டே சொல்லித் தொலையுங்கள் என்று மனசுக்குள் கத்தினேன். அவர் அத்தைக்கு இடது பக்கத்தைக் கை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். அங்கே மலைச்சரிவும் மரமும்தான் ஓடின.

டிக்கெட் பார்க்க கண்டக்டர் வந்தாள். என்னைவிடச் சின்னவள், தொப்பி நெற்றிக்குப் பெரிதாக இருந்தது. கோஹெய் நீட்டிய போனைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

"மன்னிக்கணும்... நீங்க இவாடோமாரி போறவங்க இல்லையா? இது யுனோகுபோ போற பெட்டிங்க. போன வருஷம் கால அட்டவணை மாறினப்ப முன்பாதியையும் பின்பாதியையும் மாத்திட்டாங்க. அடுத்த நிறுத்தம் ஓனுகி. அங்க இறங்கி எதிர் வண்டி பிடிச்சா..."

"இத இப்ப வந்து சொல்றீங்களா?" என்றார் அப்பா.

அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

"என்னம்மா வேலை பாக்கறீங்க? பிரியற வண்டியில ஏறினவங்ககிட்ட முன்னாடியே வாயத் திறந்து சொல்ல வேண்டாமா? அறிவிப்புன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு? நானும் இதே வண்டியில இருந்தவன்தான். எங்க காலத்துல இப்படி ஒரு ஆள் தவறிப்போனாக்கூட எங்களுக்குச் சோறு இறங்காது!"

அவள் தொப்பியைக் கழற்றினாள். இடுப்பு மடிய குனிந்தாள். "என் அறிவிப்பு போதாம போச்சு. ரொம்ப மன்னிக்கணும்." அவள் காது மடல் சிவந்திருந்தது. பெட்டியே எங்களைப் பார்த்தது. அவள் அறிவித்தபோது யார் கத்திக்கொண்டிருந்தார்கள் என்று அந்தப் பெட்டியில் எல்லோருக்கும் தெரியும். மானம் கப்பலேறிப் போயிற்று. நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பெரியப்பாவின் காலி நாற்காலிதான் கண்ணில் நின்றது.

"மாமா, தப்பு என்னோடது," என்று கோஹெய் எழுந்தான். "போன்ல இருந்தத உங்ககிட்ட சரியாக் காட்டியிருக்கணும். காட்டாம விட்டுட்டேன்."

"ஏண்டா காட்டல?" என்றார் அத்தை உடனே. "பெரியவங்கள இப்படியா தர்மசங்கடத்துல விடுவ? மாமாகிட்ட மன்னிப்புக் கேளு."

கோஹெய் அப்பாவின் முன்னால் குனிந்து நின்றான். நான் கிள்ளிய அதே கை தொடையோடு ஒட்டியிருந்தது. அப்பா மறுப்பார், பதறி எழுந்து அவன் தோளைப் பிடித்து நிமிர்த்துவார் என்று காத்திருந்தேன்.

"பரவால்ல மாப்ள," என்றார் அப்பா. "சின்ன வயசு. இனிமே கவனமா இருங்க."

பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கக் கூடாதா!

ஓனுகி ஆளில்லாத ஸ்டேஷன். ஒரு பெஞ்சு, ஒரு பானம் விற்கும் மெஷின், உதவி தேவைப்பட்டால் அழுத்த ஒரு சிவப்புப் பொத்தான். எதிர் வண்டி வர அரை மணிக்கு மேலாகும். சாப்பாட்டு நேரம் அப்போதே கடந்துகொண்டிருந்தது. அப்பா யார் முகத்தையும் பார்க்காமல், "சூடா டீ வாங்கிட்டு வரேன்," என்று மெஷின் பக்கம் நடந்தார். கோஹெய் சுவரில் ஒட்டிய அட்டவணையைப் பார்க்கப் போனான். நான் அத்தையின் முன்னால் போய்க் குனிந்தேன்.

"அத்தை, எங்களால இப்படி ஆயிருச்சு. எந்த முகத்த வச்சுக்கிட்டு மன்னிப்புக் கேக்கறதுன்னு தெரியல."

"ஐயோ, நிமிரும்மா. இதுல என்ன இருக்கு? நாங்க பிளாட்பாரத்துலயே பாத்துட்டோம்."

"எதை?"

"பெட்டி மேல எரியுதே, எழுத்து. யுனோகுபோன்னு. ஏறும்போதே மாமா என் கையைத் தொட்டுக் காட்டினாரு. ஆனா உங்கப்பா முகத்தப் பாத்தியா? எவ்வளவு சந்தோஷமா இருந்தாரு. முதல் நாளே, புதுச் சம்பந்தி, 'ஐயா உங்களுக்குத் தப்பு'ன்னு எப்படிச் சொல்றது? கமிசாவாவுல அவரே கண்டுபிடிச்சுருவாருன்னு நெனச்சோம்." என் கையைத் தட்டிக்கொடுத்தார். "நீயும் பேசாம வந்தியே, அப்பவே மாமாகிட்ட சொன்னேன். அப்பா மனசு நோகக் கூடாதுன்னு தெரிஞ்சும் தெரியாத மாதிரி வருது பாருங்க, எவ்வளவு நல்ல பொண்ணுன்னு."

கோஹெய்க்குத் தெரிந்திருந்தது. மாமாவுக்கும் அத்தைக்கும் தெரிந்திருந்தது. மூன்று பேர் கண்ணைத் திறந்துகொண்டே மரியாதைக்காக மலைக்குப் போகிற வண்டியில் ஏறியிருக்கிறார்கள். தெரியாமல் ஏறியவள் நான் ஒருத்திதான். அவர்கள் எனக்குக் கொடுத்த நல்ல பெயர்கூட என்னுடையதில்லை.

நாகாசே மாமா இரண்டு அடி தள்ளி நின்று அண்ணனிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். அந்தச் சின்னக் குரல் இந்த மலை அமைதியில் நன்றாகவே கேட்டது. "இல்லண்ணே, அவங்க மேல ஒண்ணும் இல்ல. நான்தான் பெட்டிய மாத்தி ஏத்திட்டேன். ஆமா. என் தப்புதான்." சொல்லச் சொல்ல போனைக் காதில் வைத்தபடியே குனிந்து குனிந்து வணங்கினார்.

அவருக்குப் பின்னால் அப்பா நின்றிருந்தார். மார்போடு ஐந்து தேநீர் டப்பாக்களை அணைத்துக்கொண்டு. எப்போது வந்தார், அத்தை சொன்னதில் எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. டப்பாக்களை ஒவ்வொன்றாக பெஞ்சில் வைத்தார். நேராகப் போய் அந்தச் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். சுவரிலிருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. "என்ன உதவி வேணும், சொல்லுங்க," என்றது ஓர் ஆண் குரல்.

"முன்னாடி மினாமோவில கண்டக்டரா இருந்த காஷிவாகி ஷிகெமிட்சு பேசறேன். ஓனுகி ஸ்டேஷன்லேருந்து. நாங்க அஞ்சு பேர் தவறான பெட்டியில வந்து இறங்கியிருக்கோம். பெட்டியில ஒரு பொண்ணு, கண்டக்டர், எங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுச்சு. அது ரிப்போர்ட் எழுதும். தன் அறிவிப்பு சரியில்லைன்னு எழுதும். அப்படி எழுத விடாதீங்க."

"புரியலைங்களே, அறிவிப்பு கேக்கலையா?"

"கேட்டுச்சு." அப்பா சுவரைப் பார்த்தே பேசினார். "தெளிவாக் கேட்டுச்சு. முன்பாதி கடலுக்கு, பின்பாதி மலைக்குன்னு அந்தப் பொண்ணு சரியாத்தான் சொல்லுச்சு. கமிசாவாவுல இறங்கி மாற நேரமும் இருந்துச்சு. மத்தவங்க காதுல விழக்கூடாதுன்னு நான்தான் இன்னும் சத்தமாக் கத்தினேன். அப்புறம் எல்லாரும் கை தட்டறாங்க, அப்ப போய் தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரல. எழுதிக்குங்க. பயணியோட தப்பு. வேற யாரோட தப்பும் இல்ல."

வண்டி வளைந்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது என்று நான் நினைத்திருந்தேன்; அறிவிப்பின்போதே தெரிந்திருக்கிறது. குரல் எப்போதும் போலக் கணீரென்று பிளாட்பாரம் முழுக்கக் கேட்டது. நாகாசே மாமா போனை மூட மறந்து கையில் பிடித்திருந்தார். அதற்குள்ளிருந்து பெரியப்பாவின் கட்டைக் குரல் வந்தது.

"யாருடா அது, பின்னாடி?"

"பொண்ணோட அப்பாண்ணே," என்றார் மாமா.

நான் மாமாவின் கையிலிருந்த போனையே பார்த்தேன்.

"அப்ப நீ எதுக்குடா பொய் சொன்ன, வாத்தியாரு?" என்றது போன். "சரி சரி. சாப்பாட்ட மூடி வைக்கச் சொல்றேன். வந்து சேருங்க. அந்த மனுஷனை என் பக்கத்துல உக்கார வை."

அத்தை பெருமூச்சு விட்டு பெஞ்சில் உட்கார்ந்தார். கோஹெய் என் பக்கம் வந்து விரலைக் கோர்த்துக்கொண்டான். எனக்கு அழுகை வந்தது. அப்பா எங்கள் எதிரே வந்து நின்றார். கோஹெய்க்கும் மாமாவுக்கும் அத்தைக்கும் தனித்தனியாகக் குனிந்தார். ஒருவரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர்கள் ஐயையோ வேண்டாம் வேண்டாம் என்று பதறினார்கள். கடைசியாக என்னிடம் வந்தார். ஒரு டப்பாவை எடுத்து என் கையில் வைத்தார்.

"மினோரி," என்றார் தணிந்த குரலில். "எல்லாரும் பாத்திருக்காங்க. பெட்டி மேல எழுதியிருந்தத. நீயும் பாத்துட்டுத்தான் பேசாம இருந்தியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு அது சுலபமாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. மகளும் எல்லோரையும் போல மரியாதைக்கு வாயை மூடிக்கொண்டாள் என்று நினைத்து ஆறியிருப்பார்.

"பாக்கலப்பா," என்றேன். "நீங்க சொல்லிட்டீங்களே, அப்புறம் எதுக்குப் பாக்கணும்?"

வெளியாட்கள் மூன்று பேர் முன்னால் கலங்காமல் நின்ற மனிதர் அதைக் கேட்டதும் பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டார். வண்டி வரும்வரை கையை எடுக்கவில்லை.